625-இல் ஒரு 125

தமிழ்நாட்டில் எந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனாலும் "அண்ணே, ஒரு ஆறு 625 குடுங்க" என்று கேட்டால் போதும். மருந்தின் பெயர் வேண்டாம், கம்பெனியின் பெயரும் வேண்டாம். எண்ணே பெயராகிவிட்டது. சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய கடைகளில் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்றால் இந்த எண் காதில் விழாமல் போகாது. பல்வலி, தொண்டைவலி, சைனஸ், சீழ் வைத்த கட்டி எல்லாவற்றுக்கும் 625.

அந்த எண் ஒரு கூட்டல் கணக்கு. 500 மில்லிகிராம் அமாக்சிசிலின், 125 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலம். முன்னது பாக்டீரியாவைக் கொல்லும். பின்னதைத் தனியாகக் கொடுத்தால் பெரிதாக எதையும் கொல்லாது. அப்படியென்றால் ஒவ்வொரு மாத்திரையிலும் ஐந்தில் ஒரு பங்கு எதற்காக இருக்கிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் 1940-இன் ஆக்ஸ்ஃபோர்டு வரும், 1960களின் ஏதென்ஸ் வரும், கடைசியில் தரமணியும் சோழிங்கநல்லூரும் வரும். ரெண்டுமே நான் தினமும் ஆபீசுக்குப் போகிற பக்கத்து ஊர்கள்.

பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிக்கொண்டு வாழ்கிறது. சுவர் கட்டும் கொத்தனார் ஒரு என்சைம். பெனிசிலின் அந்தக் கொத்தனாரின் கையில் போய் ஒட்டிக்கொள்ளும். வேலை நிற்கும், சுவர் பலவீனமாகும், உள்ளழுத்தம் தாங்காமல் செல் வெடிக்கும். ஒட்டிக்கொள்ளும் வேலையைச் செய்வது மூலக்கூறின் நடுவே இருக்கும் நான்கு முனை வளையம். அதற்கு பீட்டா லாக்டம் என்று பெயர். அமாக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனம் என்று ஆஸ்பத்திரி பில்லில் நாம் பார்க்கிற பெயர்களில் பலவும் இந்த வளையத்தின் வம்சம்தான். நாண் ஏற்றிய வில் மாதிரி அந்த வளையம் எப்போதும் இறுக்கத்திலேயே இருக்கும். அதனால்தான் அது வேலை செய்கிறது, அதனால்தான் எளிதில் உடையவும் செய்கிறது. ஒரு தண்ணீர் மூலக்கூறைச் சரியான இடத்தில் செருகினால் வளையம் திறந்துகொள்ளும், மருந்து குப்பையாகிவிடும். அப்படித் தண்ணீரைச் செருகும் என்சைமுக்குத்தான் பீட்டா லாக்டமேஸ் என்று பெயர்.

ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்களுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. இந்த என்சைம் அவை இரண்டுக்கும் நடுவே காத்திருக்கிறது. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. எங்கள் ஊர் நரசிம்மரைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாசற்படி ஏற்பாட்டைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இங்கே அந்தப் படியில் வதமாவது மருந்து.

கிளாவுலானிக் அமிலத்திலும் அதே நான்கு முனை வளையம் இருக்கிறது. என்சைம் அதை மருந்து என்று நினைத்துக் கடிக்கும், கடித்த வாயைத் திறக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியில் அமாக்சிசிலின் தன் வேலையைப் பார்க்கும். 625-இல் இருக்கும் 125 ஒரு தூண்டில் இரை. 1981-இல் பிரிட்டனின் பீச்சம் நிறுவனம் 'ஆக்மென்டின்' என்ற பெயரில் இந்தக் கூட்டணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

*

மருந்தை அதிகமாகத் தின்றோம், அதனால் பாக்டீரியா எதிர்ப்பைக் கற்றுக்கொண்டது என்றுதான் பொதுவாகச் சொல்வோம். ஆனால் தேதிகளின் வரிசை வேறு மாதிரி இருக்கிறது.

1940 டிசம்பர் 28-ஆம் தேதி 'நேச்சர்' இதழில் எட்வர்ட் ஆபிரகாமும் எர்ன்ஸ்ட் செயினும் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். பெனிசிலினை அழிக்கக்கூடிய ஒரு என்சைம் பாக்டீரியாவில் இருக்கிறது என்பது செய்தி. ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குப் பெனிசிலின் சிகிச்சை தொடங்கியது 1941 பிப்ரவரியில்தான். அவர் தேறிவந்தார், ஆனால் மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்துத் திரும்பச் செலுத்திப் பார்த்தார்கள். அதுவும் போதவில்லை, மார்ச்சில் இறந்துபோனார். அந்தச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே மருந்தை உடைக்கும் என்சைம் அச்சில் ஏறிவிட்டது.

அந்த என்சைம் மனிதர்களுக்காக உருவானது கிடையாது. பூஞ்சைகளும் மண் பாக்டீரியாக்களும் ஒன்றையொன்று விரட்ட ஆன்டிபயாடிக்குகளைத் தயாரிப்பது பல கோடி ஆண்டுப் பழக்கம், அவற்றை உடைக்கும் கருவிகளும் அதே அளவு பழசு. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து பீட்டா லாக்டம் எதிர்ப்பு மரபணுக்களைப் பிரித்தெடுத்ததாக 2011-இல் ஓர் ஆய்வு வந்தது.

நாம் செய்தது தேர்தல் நடத்தியது. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் மேரி பார்பர் ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரிகளைச் சோதித்துவந்தார். பெனிசிலினுக்குக் கட்டுப்படாதவை 1946-இல் சுமார் 14 சதவீதம், 1948-இல் 59 சதவீதம். ஏற்கெனவே எங்கோ ஒரு மூலையில் இருந்த கருவி, அதைத் தேவையாக்கிய ஒரு சூழலில், இரண்டே ஆண்டுகளில் பெரும்பான்மை பெற்றுவிட்டது.

*

அதுவரை இது பரம்பரைச் சொத்தின் கதை. எதிர்ப்பு உள்ள பாக்டீரியா பிழைக்கும், அதன் வாரிசுகள் பெருகும். 1950களில் ஜப்பானில் வந்த சீதபேதி அலைகள் இந்தக் கதையைக் கலைத்துப் போட்டன. ஷிகெல்லா பாக்டீரியா ஒரே நேரத்தில் நான்கு மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போனது. நான்கு எதிர்ப்புகள் தனித்தனியாகத் தோன்றி ஒரே செல்லில் சேர்வதற்கான சாத்தியம் அற்பம். எதிர்ப்பு முழுவதையும் ஒரே பொட்டலமாக ஈ.கோலையிடமிருந்து ஷிகெல்லா வாங்கிக்கொள்ள முடியும் என்பதை 1959-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அந்தப் பொட்டலத்தின் பெயர் பிளாஸ்மிட். பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.வோடு சேராமல் தனியாகச் சுற்றும் சிறு வளையம். இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொள்ளும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அதன் நகல் போய்விடும். வேறு இனமாக இருந்தாலும் பெரும்பாலும் தடையில்லை. நம் பாஷையில் பென் டிரைவ்.

பெனிசிலினை உடைக்கும் என்சைமும் இப்படிப் பென் டிரைவில் போகும் என்று 1965-இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர்கள் நவோமி தத்தாவும் பாலிக்ஸெனி கொன்டோமிகலூவும். ஏதென்ஸில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த ஈ.கோலையில் அவர்கள் பார்த்த என்சைமுக்கு 'டெம்' என்று பெயர். நோயாளியின் பெயரான டெமோனியேராவின் முதல் எழுத்துகள் அவை. அந்த ஒரு நோயாளியின் பெயர் இன்று உலகம் முழுக்க லேப் ரிப்போர்ட்டுகளில் இருக்கிறது.

இந்தத் துறையில் பெயர் வைப்பதற்கு ஒரே விதி இருந்ததில்லை. வெரோனாவில் கண்டது 'விம்', சாவ் பாவ்லோவில் கண்டது 'எஸ்.பி.எம்', சியோலில் கண்டது 'சிம்'. ஊர்ப் பெயர் வைப்பது வழக்கமாகவே இருந்தது. வெரோனாக்காரர்கள் பெரிதாகக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. டில்லி கோபித்துக்கொண்டது.

*

1985-இல் இமிபெனம் வந்தது, கார்பாபெனம் என்ற புதுக் குடும்பத்தில் சந்தைக்கு வந்த முதல் மருந்து. அதுவரை தெரிந்த பீட்டா லாக்டமேஸ்களில் பெரும்பாலானவற்றால் அதைத் தொட முடியவில்லை. ஐ.சி.யூ.வில் எல்லாம் கைவிட்ட பிறகு எடுக்கும் மருந்து என்ற இடம் அதற்குக் கிடைத்தது.

2008 ஜனவரியில், டில்லியில் ஒரு மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரின் சிறுநீரில், கார்பாபெனங்களையும் உடைக்கும் கிளெப்சியெல்லா கிடைத்தது. அதே மனிதரின் மலத்தில் இருந்த ஈ.கோலையிலும் அதே மரபணு இருந்தது. ஓர் உடம்புக்குள்ளேயே பென் டிரைவ் கைமாறியதற்கான அடையாளம். 2009 டிசம்பரில் வெளியான கட்டுரையில் அதற்கு 'நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்-1' என்று பெயரிட்டார்கள். சுருக்கமாக என்.டி.எம்-1.

பெயரில் இருக்கும் 'மெட்டலோ' முக்கியம். டெம் வகை என்சைம்கள் செரின் என்ற அமினோ அமிலத்தால் மருந்தைப் பிடிக்கும். கிளாவுலானிக் அமிலம் போன்ற இரைகள் மாட்டிக்கொள்வது அந்தக் கொக்கியில்தான். என்.டி.எம்-மில் கொக்கியே கிடையாது. இரண்டு துத்தநாக அயனிகள் ஒரு தண்ணீர் மூலக்கூறைப் பிடித்துவைத்து நேராக வளையத்தில் செலுத்துகின்றன. கொக்கி இல்லாத இடத்தில் இரைக்கு வேலையில்லை. 625-இன் 125 இங்கே செல்லாது.

2010 ஆகஸ்டில் 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' இதழில் அடுத்த கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் இயங்கும் ஏ.எல்.முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். உடன் கார்டிஃபின் டிமதி வால்ஷும் பலரும். என்.டி.எம்-1 கிடைத்த மாதிரிகளின் எண்ணிக்கை: சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் பிற இடங்களில் 73.

அப்போது டி.வி.யில் இந்த எண்களைத்தான் காட்டினார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தக் கட்டுரையில் இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஹரியானாவின் கிளெப்சியெல்லாக்கள் எல்லாம் ஒரே குடும்பம், ஒரே பாக்டீரியாவின் நகல்கள். அவற்றின் பிளாஸ்மிட்கள் எளிதில் கைமாறவும் இல்லை. சென்னையில் அப்படியில்லை. பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பலதரப்பட்டவை, பிளாஸ்மிட்கள் சுலபமாகத் தாவக்கூடியவை.

என் வேலையோடு ஒப்பிட்டால் இப்படிச் சொல்வேன். ஹரியானாவில் நடந்தது ஒரு கெட்டுப்போன சர்வரை அப்படியே நகலெடுத்து நகலெடுத்து ஓடவிட்டது. எந்தெந்த சர்வர் என்று கண்டுபிடித்து இழுத்து மூடலாம். சென்னையில் ஒரே ஃபைல் விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று எல்லாவற்றிலும் ஏறியிருந்தது. எந்த மிஷினை மூடுவது? ஹரியானாவில் பரவியது ஒரு கிருமி. சென்னையில் பரவியது ஒரு மரபணு. கிருமியைத் தனி வார்டில் அடைக்கலாம். கிருமி விட்டுக் கிருமி தாவும் மரபணுவுக்கு வார்டு எண் கிடையாது.

*

சில வருடங்களுக்கு முன் என் பெரியம்மா சிறுநீர்த் தொற்றோடு ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் இருந்தார். இருபது வருடச் சர்க்கரை நோயாளி. நான்காம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. இடப்பக்கம் மருந்துகளின் பட்டியல், வலப்பக்கம் 'எதிர்ப்பு', 'எதிர்ப்பு' என்று மேலிருந்து கீழ்வரை. டூட்டி டாக்டர் பட்டியலின் அடியில் விரலை வைத்தார். "கொலிஸ்டின் ஒண்ணுதான் சார் கைல இருக்கு. கிட்னியைக் கொஞ்சம் பாதிக்கும். வேற வழி இல்ல."

கொலிஸ்டின் 1950களின் மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஓரங்கட்டப்பட்டு, வேறு எதுவும் மிச்சமில்லாததால் திரும்ப அழைக்கப்பட்டது. பெரியம்மா பிழைத்தார். கிரியாட்டினின் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. இன்றுவரை தண்ணீரை அளந்துதான் குடிக்கிறார்.

ரிப்போர்ட்டில் 'நியூ டெல்லி' என்று இருப்பதை என் தங்கை வாசித்துக் காட்டியபோது பெரியம்மா கேட்டது: "நான் எப்படி டெல்லிக்குப் போனேன்? திருப்பதியைத் தாண்டினதே இல்லையேடா."

*

2010-இல் நாடு கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான், வேறு குரலில். பிரிட்டன் நோயாளிகளில் பலர் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்துபோனவர்கள், அல்லது இங்கே தொடர்பு உள்ளவர்கள் என்று கட்டுரை சொன்னது. வெளிநாட்டவர்கள் சிகிச்சைக்கு வந்துபோகும் வியாபாரம் வளர்ந்துகொண்டிருந்த நேரம். நம் மருத்துவமனைகளின் பெயரைக் கெடுக்கும் சதி என்று நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. ஆய்வுக்கு ஒரு மருந்து நிறுவனத்தின் பணம் வந்திருப்பதைச் சுகாதார அமைச்சகம் சுட்டிக்காட்டியது. கட்டுரையின் சில விளக்கங்களோடு தனக்கு உடன்பாடு இல்லை என்று முதல் ஆசிரியரே சொன்னதாகச் செய்திகள் வந்தன. 2011 ஜனவரியில் 'லான்செட்' ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன், ஊர்ப் பெயர் வைத்தது தவறு என்று வருத்தம் தெரிவித்தார்.

பெயர் பற்றிய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டால் பழி எளிதாகிவிடும். இந்த மரபணுவின் தலைப்பகுதி வேறொரு எதிர்ப்பு மரபணுவிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டது என்றும், அந்த ஒட்டுவேலை அசினெடோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்குள் நடந்திருக்கலாம் என்றும் 2012-இல் ஓர் ஆய்வு காட்டியது. அது நடந்த ஊருக்கு விலாசம் கிடையாது. 2013-இல் ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டில் எடுத்த மண்ணிலும் அதே மரபணு இருந்தது.

ஆனால் கோபம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதற்கு முன்பே இந்திய மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2010 மார்ச்சில் இந்திய மருத்துவர்களின் 'ஜாபி' இதழில், மும்பை ஹிந்துஜா மருத்துவமனையில் கார்பாபெனத்துக்குக் கட்டுப்படாத 24 மாதிரிகளில் 22-இல் என்.டி.எம்-1 இருப்பதாகக் கட்டுரை வந்தது. அதே இதழில் சென்னையின் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் ஆன்டிபயாடிக்குகளுக்கு இரங்கல் குறிப்பு என்ற பாணியில் தலையங்கம் எழுதினார். பழைய மாதிரிகளைத் திரும்பச் சோதித்தபோது 2006-லேயே இந்திய மருத்துவமனைகளில் அது இருந்தது தெரியவந்தது.

2011 ஏப்ரலில் டில்லித் தண்ணீர் பற்றிய ஆய்வு வந்தது. தெருவில் தேங்கிய, கசிந்த நீர் 171 மாதிரிகளில் 51-இல் மரபணு. குழாய்த் தண்ணீர் 50-இல் 2. மரபணு ஆஸ்பத்திரியைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது என்பது அதன் அர்த்தம். தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் பக்கம் பல தெருக்களில் இன்னும் பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரி வரும், உறிஞ்சிக்கொண்டு போகும். அது எங்கே கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. பல இனப் பாக்டீரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு பிளாஸ்மிட் பரிமாற இதைவிட வசதியான இடம் வேண்டுமா?

2012 ஆகஸ்ட் 24-ஆம் தேதி பல மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சமாளிக்க ஒரு நடைமுறைத் திட்டம் போட்டன. 'சென்னைப் பிரகடனம்' என்று அதற்குப் பெயர். ஒருங்கிணைத்தவர் அதே அப்துல் கஃபூர். எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் சீட்டைக் கட்டாயமாக்கினால், டாக்டரே இல்லாத ஊர்களில் மருந்து கிடைக்காமலே மக்கள் சாவார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, முக்கியமான சிலவற்றை மட்டுமாவது பூட்டுவோம் என்றார்கள். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 'எச்1' பட்டியல் அந்தப் பாதையில் வந்தது. அதில் 46 மருந்துகள். விற்றால் நோயாளி, டாக்டர் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கார்பாபெனங்கள் பட்டியலில் உண்டு. 625 இல்லை.

*

தரமணியில் வரைபடம் வரைந்தார்கள் என்றால், சில கிலோமீட்டர் தெற்கே சோழிங்கநல்லூரில் மருந்து தேடினார்கள். ஆர்க்கிட் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடம் அங்கே இருந்தது, தொழிற்சாலை திருப்போரூரைத் தாண்டி ஆலத்தூரில். செஃபலோஸ்போரின் தயாரிப்பில் பெயர் வாங்கிய கம்பெனி. அவர்களுடைய வேதியியலாளர்கள் டாசோபாக்டம் என்ற பழைய இரையை எடுத்து, அதில் ஒரே ஒரு மீத்தைல் தொகுதியைச் சேர்த்தார்கள். அந்தச் சின்ன மாற்றம் மூலக்கூறின் மின்னூட்டத்தைச் சமன்படுத்தி, பாக்டீரியாவின் வெளிச்சவ்வைத் தாண்டுவதை எளிதாக்கியது. எனமெட்டசோபாக்டம் என்று பெயர். 2013-இல் அலெக்ரா என்ற ஐரோப்பிய நிறுவனம் உரிமம் வாங்கிப் பரிசோதனைகளை நடத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுநீர்த் தொற்று நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டில் செஃபெபைமுடன் சேர்த்த இந்த மருந்து 79.1 சதவீதம் பேரிடம் வென்றது. பழைய கூட்டணி வென்றது 58.9 சதவீதம் பேரிடம். 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பீட்டா லாக்டமேஸ் தடுப்பானுக்கு அங்கே அனுமதி கிடைத்தது அதுவே முதல்முறை.

சென்னைக்காரனாக எனக்கு இதில் பெருமை உண்டு. ஆனால் கதை இன்னும் இரண்டு வரி பாக்கி. உரிமம் விற்றதற்கும் அனுமதி வந்ததற்கும் நடுவே, 2017-இல் ஆர்க்கிட் கடன் சுமையால் திவால் தீர்ப்பாயத்துக்குப் போய், 2020-இல் வேறு கைக்கு மாறியது. அமெரிக்காவின் அகாவோஜென் 2018-இல் புது ஆன்டிபயாடிக்குக்கு அனுமதி வாங்கி, 2019-இல் திவாலானது. புது ஆன்டிபயாடிக்கைப் பூட்டிவைத்துக் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும், கொஞ்சமாக விற்கும் பொருளால் கம்பெனி பிழைக்காது. தனித்தனியாகச் சரியான இரண்டு விஷயங்கள் சேர்ந்து ஒரு தவறான முடிவைத் தருகின்றன.

இரண்டாவது வரி இது: எனமெட்டசோபாக்டமும் கொக்கியைத் தேடும் இரைதான். என்.டி.எம்-மிடம் அது செல்லாது. இப்போதைக்கு என்.டி.எம்-முக்கு எதிரான நல்ல வழி, அதனால் உடைக்க முடியாத அஸ்ட்ரியோனம் என்ற பழைய மருந்தை, மற்ற என்சைம்களைத் தடுக்கும் அவிபாக்டத்துடன் சேர்த்துக் கொடுப்பது. அதுவும் ஒரு கூட்டல் கணக்கு. அதன் விலையில் அது 625 மாதிரி கைக்கு எட்டும் எண்ணாக மாற வெகுகாலம் ஆகும்.

2019-இல் மட்டும் பாக்டீரியாக்களின் மருந்தெதிர்ப்பால் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது 'லான்செட்' 2022-இல் வெளியிட்ட மதிப்பீடு. 1981-இல் கிளாவுலானிக் அமிலம், 2024-இல் எனமெட்டசோபாக்டம். ஒவ்வொரு இரையும் நமக்குக் கொஞ்சம் காலத்தை வாங்கித் தருகிறது. வாங்கிய காலத்தில் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் மரபணு விஞ்ஞானிகளுடையது கிடையாது. வார்டில் கை கழுவுவது, கல்ச்சர் ரிப்போர்ட் வந்தபிறகு மருந்தைக் குறைப்பது, கழிவுநீர் லாரி எங்கே கொட்டுகிறது என்று பஞ்சாயத்தில் கேட்பது. யாரும் பேட்டி எடுக்காத வேலைகள்.

டில்லி என்று பெயர் வைத்தது சரியா என்ற வழக்கு 2011-லேயே முடிந்துவிட்டது. சென்னையின் 44 மாதிரிகள் சொன்ன விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அங்கே மரபணு அப்போதே கிருமியை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தது.